தண்ணீர் தாங்கும் ரத்தம்

மண்டையோட்டை மட்டும் அம்மா வீட்டுக்குள் விடவில்லை.

மற்ற எலும்புகளுக்கு இடம் கிடைத்தது. கை, கால், விலா, முதுகுத்தண்டின் முத்துகள் எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி, கொழும்பிலிருந்து தலவாக்கலை வரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மரவள்ளிக்கிழங்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். லிந்துலையில் பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும்போது சாக்கு முதுகில் கலகலத்துக்கொண்டே வந்தது. அம்மா அதை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து, மழைக்காலத்தில் விறகைத் தட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இதெல்லாம் கெடக்கட்டும். மொகம் இருக்கிறது வேணாம்."

"மொகம் எங்கம்மா இருக்கு? ஓடுதானே."

"எனக்குத் தெரியுது மொகம். நீ படிச்சவன், ஒனக்குத் தெரியாது."

அப்பா சில்லறைக் கங்காணி. கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒரு கூட்டத்தை மலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர் வேலை. இரண்டு பக்கமும் முழுதாகத் தோற்காமல் வழக்கைத் தீர்த்துப் பழகியவர். மண்டையோடு எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே இருந்த மாட்டுப்பட்டியில், கூரைக் கம்பில், சாக்குத் துண்டில் தொங்கும் என்று தீர்ப்புச் சொன்னார். அது பசுவின் தலைக்கு மேலே தொங்கிற்று. பசு ஆட்சேபிக்கவில்லை.

இதனால் ஒரு சின்ன விஷயம் நடந்தது. தலையையும் கழுத்தையும் பற்றிய பாடங்களை விடுமுறையின் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தேன். கை எலும்பைக் காலையில் அடுப்படியில் குந்திக்கொண்டு படிக்கலாம். மண்டையோட்டைப் படிக்கச் சாணியில் இறங்க வேண்டும். கடைசி வாரம் முழுக்கப் பட்டியில் இருந்துவிடுவது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மருத்துவப் படிப்பின் தொடக்க காலத்தில் உயிரோடு இருப்பவர்களை யாரும் காட்டமாட்டார்கள். இறந்தவரின் நரம்பு, தவளையின் தொடைத்தசை, கண்ணாடிக் குழாய்கள். அதன் முடிவில் ஒரு பெரிய பரீட்சை. உடற்கூறு, உடம்பின் இயக்கத்தைச் சொல்லும் உடற்றொழிலியல் இரண்டிலும் தேறினால்தான் வார்டுக்குள் போகலாம். தேறாதவன் பழைய மேசைக்கே திரும்ப வேண்டும். கூடப் படித்தவர்கள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் குழாயை மாட்டிக்கொண்டு எதிரே வருவார்கள்; அவன் விலகி வழிவிட வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து அந்தப் படியேறியவன் அதுவரை ஒருவனும் இல்லை. நான் விழுந்தால் ஒருவன் விழுந்தான் என்று பேச்சு வராது, அதுகளுக்கெல்லாம் படிப்பு எதற்கு என்றுதான் பேச்சு வரும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மலைமேல் பனிமூட்டம் இருப்பதுபோல அது இருந்தது.

என்னிடம் இன்னொரு சாமானும் இருந்தது. ஒரு சிறிய மரப்பெட்டி. அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதன் இரு பக்கமும் பழுப்புக் கண்ணாடி, உறிஞ்சும் மெல்லிய குழல், அமிலப் புட்டி, ஊசிகள். உடற்றொழிலியல் விரிவுரையாளர் கொடுத்தனுப்பியது. யாழ்ப்பாணத்து மனிதர். வெற்றிலை போடாத வாயில் எப்போதும் எதையோ மென்றுகொண்டிருப்பார்.

"உம்மட தோட்டத்துப் பெண்டுகளின்ட ரத்தம் எப்பிடியெண்டு ஒருத்தரும் ஒழுங்காப் பாக்கேல்ல. லீவில போறீர்தானே, பாத்துக்கொண்டு வாருமன்."

"சோதினை வருது சேர்."

"சோதினை முதலாவது. இது ரெண்டாவது. ஆனா ரெண்டாவதையும் செய்யிறவன்தான் பிறகு ஏதும் செய்வான். கட்டுரை வந்தா உம்மட பேரும் கிடக்கும்."

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எலும்புச் சாக்கு அதற்குப் பிறகுதான்.

செய்முறை எளிது. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சி, அமிலத்தில் விட வேண்டும். சிவப்பு போய்ப் பழுப்பாகிவிடும். அப்புறம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பக்கத்துக் கண்ணாடியின் நிறத்துக்கு வந்ததும் நிறுத்தி, குழாயில் கோட்டைப் படிக்க வேண்டும். நல்ல ரத்தம் நிறையத் தண்ணீர் தாங்கும். சோகை பிடித்த ரத்தம் இரண்டு சொட்டிலேயே வெளுத்துவிடும். வெயில் வெளிச்சம் வேண்டும். எங்கள் மலையில் வெயில் என்பது மத்தியானத்தில் கொஞ்சம். அதுவும் பனி சம்மதித்தால்.

பெரட்டுக் களத்தில், காலை இருட்டோடு ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் நேரத்தில், அப்பா என் சார்பில் பேசினார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஏற்கெனவே தலையை அசைத்திருந்தார், வேலை நிற்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

"நம்ம தம்பி பெரிய பரீட்ச எழுதப் போவுது. அதுக்கு ரத்தம் பாக்கணுமாம். மத்தியானம் கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு புள்ளக்காம்பரா பக்கம் வந்துட்டுப் போங்க. ஒரு சொட்டுதான்."

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் சொன்னதில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை.

பிள்ளைக்காம்பரா என்பது, தாய்மார் மலைக்குப் போன பிறகு கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்க்கும் அறை. அதன் வாசலில் ஒரு மேசை போட்டேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, பஞ்சும் ஸ்பிரிட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. அவள் நிற்க வேண்டாம் என்று யாராலும் சொல்லவும் முடியாது. கொழுந்தில் அந்த மலையிலேயே முதல் கை. வாயிலும் அப்படித்தான்.

முதல் நாள் முதல் விரல் அவளுடையதுதான். கொழுந்து பறிக்கும் பெண்களின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாறு ஏறிக் கறுத்து, வெடித்து, ஊசிக்கு இடம் கொடுக்காது. மோதிர விரல்தான் கொஞ்சம் மனிதத்தோல். குத்தினேன். அமிலத்தில் விட்டதும் ரத்தம் நிறம் மாறியதைக் கூட்டம் எட்டிப் பார்த்தது.

"அட, பாலில்லாத பிளேண்டியா போச்சுடி."

"சீனி போட்டா குடிக்கலாம்."

"கொழும்புல ரத்தம் கெடைக்காமயா இம்புட்டுத் தூரம் வந்தாரு?"

நான் தண்ணீரைச் சொட்டினேன். சொட்டிக்கொண்டே இருந்தேன். அத்தையின் ரத்தம் வெளுக்கவே இல்லை. கோடு கோடாக மேலே ஏறிற்று.

"பாத்தியா மருமவனே, எவ்வளவு தண்ணி குடிக்குது. ஒரு கரண்டித் தேயிலத்தூளு, ஊருக்கே சாயம்."

அன்றிலிருந்து தோட்டத்தில் ரத்தம் இரண்டு வகையாயிற்று. தண்ணி தாங்குறது, தாங்காதது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தியை ஒருத்தி அதைச் சொல்லியே கிண்டல் செய்தார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

நாட்கள் இப்படிப் போயின. காலையில் தோளிலிருந்து விரல் நுனி வரை நரம்புகள். மத்தியானம் ரத்தம். பனி இறங்கிய பிறகு சுவாசம், இருதயம், சிறுநீரகம். புத்தகத்தில் இருதயத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டிலில் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்கும், மனம் மத்தியானத்துக்கு ஓடிவிடும். ரத்தம் பார்க்கும்போது உதடு தானாக மணிக்கட்டு எலும்புகளின் பெயர்களை முணுமுணுக்கும். "மந்திரம் சொல்றாரு" என்றாள் ஒருத்தி. இரண்டு வேலை செய்பவன் எப்போதும் மற்ற வேலையில்தான் இருக்கிறான். பின்னாளில் எழுத வந்த பிறகும் எனக்கு இதிலிருந்து விடுதலை இல்லை.

எங்கள் லயத்துப் பெண்கள் முடிந்து, தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிஷன் பெண்கள் வரத் தொடங்கினார்கள். சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்குப் போய்விட்ட எனக்குக் கீழ் டிவிஷனில் முகம் தெரியாது. மழைக்குக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வருவார்கள், கையை நீட்டுவார்கள், பெயரைச் சொல்வார்கள், போவார்கள். அவர்களுடைய ரத்தம் ஆச்சரியமாக இருந்தது. எல்லாம் தண்ணி தாங்கிற்று. எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு வெளுத்த ரத்தம். கீழே ஒருத்திக்கும் இல்லை. ஒரே அரிசி, ஒரே மழை, வயிற்றில் ஒரே கொக்கிப்புழு. எப்படி? மாலையில் பாதையில் பார்த்தால் கீழ் டிவிஷன் பெண்களும் வெளிறிய உதட்டோடு மூச்சு வாங்கித்தான் மேடு ஏறினார்கள். தண்ணீர் வித்தியாசமா, கீரையா? இரண்டு இரவு சிறுநீரகத்தைப் படிக்காமல் கீரையைப் பற்றியே யோசித்தேன். கட்டுரையின் தலைப்புக்கூட வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் ஒருத்தி கை நீட்டினாள். மோதிர விரலைப் பிடித்தேன். நுனியில் ஒரு புள்ளி. குத்தின இடம் ஆறி, சின்னதாகக் கறுத்திருந்தது. அடுத்த விரலைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் ஒரு புள்ளி.

"இது என்னங்க?"

"முள்ளு குத்திருச்சிங்க."

"ரெண்டு வெரல்லயுமா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தாள். அத்தை பஞ்சை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

இவள் முன்பே வேறு பெயரில் வந்துபோனவள்; வெளுத்தவர்கள் பயந்துபோய்த் தங்களுக்குப் பதிலாக இவளை அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ரத்தம் கெட்டவள் என்று தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள், அக்கரைக்கு, இந்தியாவுக்கு, அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்தில் எந்தப் பேச்சும் அந்தப் பயத்தில்தான் போய் முடியும். அத்தையிடம் அதைத்தான் கேட்டேன்.

"பயமா? என்னாத்துக்குப் பயம்?" அத்தைக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நாந்தான் ஏற்பாடு பண்ணேன். கீழ இருக்கிறதுகள்ள முக்காவாசிக்குச் சாயமே இல்ல. அதக் கொண்டுபோயி நீ அங்க காட்டினா ஒனக்கு எப்பிடி மார்க்குப் போடுவாங்க? அதான் தண்ணி தாங்குறதுகளா பாத்து, வேற வேற பேருல திரும்பத் திரும்ப அனுப்பினேன்."

"அத்த, இது..."

"கொழுந்து கொறஞ்சவ கூடையில ஆளுக்கு ஒரு பிடி அள்ளிப் போடுறதில்லையா? அது மாதிரிதான்."

அது அங்கே பழைய வழக்கம். நிறுவைக்குக் கொழுந்து போகும்முன், உடம்புக்கு முடியாமல் குறைவாகப் பறித்தவளின் கூடையில் மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி போட்டுவிடுவார்கள். தராசு நிமிரும், அவளுக்கு அன்றைய முழுச் சம்பளம் விழும். நிறுவையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அந்தப் பக்கம் திரும்பி நிற்பார். நிறுப்பவன் மேலே இருக்கிறான், நிறுக்கப்படுபவள் கீழே இருக்கிறாள், நடுவில் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். அந்தத் தராசில் இப்போது என்னை வைத்திருந்தார்கள். என் கூடையில் குறைவதாக நினைத்துப் பிடி பிடியாகப் போட்டிருந்தார்கள்.

"வெளுத்த ரத்தம்தான் அத்த எனக்கு வேணும். அது எவ்வளவு வெளுத்திருக்குன்னு பாக்கத்தான் வந்தேன்."

"நல்லாருக்கே. வெளுத்தத சபையில வச்சு என்னா பெரும?"

"பெருமைக்கில்ல."

"பொறவு?"

நான் விளக்கினேன். மருந்து வரும், இரும்புச் சத்து, பூச்சி மருந்து, அரசாங்கம். சொல்லச் சொல்ல எனக்கே அது தூரத்தில் யாரோ வானொலியில் வாசிப்பதுபோல இருந்தது. அவள் கடைசிவரை கேட்டாள்.

"செரி. ஒன் இஷ்டம். தோத்துட்டு வந்து என்னயச் சொல்லாத."

கீழ் டிவிஷன் அளவுகள் அத்தனையும் வீண். கடைசி வாரம் தொடங்க இருந்தது. பட்டியில் மண்டையோடு காத்திருந்தது.

அன்று மாலை பட்டிக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்து அதைக் கையில் எடுத்தேன். மண்டையோட்டின் அடித்தளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தோட்டத்து வரைபடம்போல இருக்கும். மேடு, பள்ளம், வாய்க்கால், துவாரங்கள். ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு பெயர். ஒவ்வொன்றின் வழியாகவும் எது போகிறது, எது வருகிறது என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் வேண்டும். என்னிடம் ஒரு வாரம் இருந்தது. அதே ஒரு வாரத்தைத்தான் கீழ் டிவிஷனும் கேட்டது. பசு அசைபோட்டது. எதையும் தீர்மானித்ததாக எனக்கு நினைவில்லை. திரும்பவும் சாக்கில் போட்டுக் கட்டினேன் என்பதுதான் நினைவிருக்கிறது.

இந்த முறை மேசை போடவில்லை. மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்கே போனேன். வெளுத்தவர்கள் வர மறுத்தார்கள். பிடிவாதம்தான், பயமில்லை. "என்னோடது எதுக்குங்க, ஒங்களுக்கு ஆவாதுங்க" என்றாள் ஒருத்தி, உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிற வித்தியாசம் இல்லாதவள். வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள், எழுந்தால் தலை சுற்றும் என்று. கெஞ்சிக் கேட்டு, விரலை வாங்கினேன். குத்தியதும் உடனே வரவில்லை. அழுத்திய பிறகு மெல்ல ஒரு சொட்டு, அரிசி கழுவிய தண்ணீரில் குங்குமம் கரைத்ததுபோல. குழாயில் தண்ணீர் விடும்முன்பே அது கண்ணாடியை விட வெளிறி இருந்தது. ஒரு சொட்டும் தாங்கவில்லை.

"சொன்னேன்ல" என்றாள் அவள். என் பரீட்சைக்காக அவள் கண்ணில் ஒரு வருத்தம்.

இரண்டு நாள் பனி விலகவே இல்லை. வெளிச்சமில்லாமல் நிறம் பார்க்க முடியாது. காத்திருந்தேன். காத்திருந்தபோது படித்திருக்கலாம். படித்தேனா என்றால், பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாம் நாள் வெயில் வந்தது. கடைசி விரலைக் குத்தி முடித்தபோது, கொழும்பு போகிற நாள் மறுநாளாக இருந்தது.

உடற்றொழிலியல் வாய்மொழிப் பரீட்சையில் என்னை ரத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். நன்றாகச் சொன்னேன். தலையாட்டினார்கள். உடற்கூற்றில் பரீட்சகர் மண்டையோட்டைக் கவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்து, பென்சில் முனையால் ஒரு துவாரத்தைக் காட்டினார். அது எந்த அடையாளமும் இல்லாத சின்னத் துவாரம். சாணி வாசம் வந்தது. உண்மையாகவே வந்தது. பெரிய துவாரத்தின் பெயரைச் சொன்னேன். அதைக் கேட்கவில்லையே என்றார், மிகவும் மரியாதையாக. பென்சில் அடுத்த துவாரத்துக்குப் போயிற்று. அதற்கடுத்ததற்கும்.

உடற்றொழிலியலில் தேறினேன். உடற்கூற்றில் விழுந்தேன். சில மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டும்.

விரிவுரையாளர் அளவுகளை வாங்கிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். மெல்லுவதை நிறுத்தினார்.

"கீழ் டிவிஷனைக் கழிச்சுப் போட்டிருக்கலாமே. நம்பேலாது எண்டு ஒரு வரி எழுதினாக் காணும். அதுக்கேன் சோதினையைக் கொண்டுபோய்க் குடுத்தனீர்?"

பட்டியலில் அந்த வாசற்படிப் பெண்ணின் இடத்தில் வேறொருத்தியின் ரத்தம் இருந்தது, அதை எடுத்துவிட்டால் அங்கே யாருமே இல்லை. அப்படி ஏதோ ஒன்று. அவரிடம் சொல்லக்கூடியதாக அது இல்லை. அவர் அடுத்த வருடம் இங்கிலாந்துக்குப் போனார். கட்டுரை வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

மறுபரீட்சைக்குமுன் ஒருமுறை தோட்டத்துக்கு வந்துபோனேன். நான் விழுந்த செய்திக்கு அங்கே ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது, அது லயம் லயமாகப் பரவி உறுதிப்பட்டிருந்தது. மொதல்ல குடுத்த நல்ல ரத்தத்தைக் கொட்டிட்டு, வெளுத்ததக் கொண்டுபோனாரு, அதான். எனக்குத் தெரிந்த உடற்றொழிலியல் முழுவதையும் வைத்துப் பார்த்தாலும், நடந்த வரிசையில் அந்த விளக்கம் பிழையில்லை. வெளுத்ததைக் கொண்டுபோனேன். விழுந்தேன். அம்மா மட்டும் வேறு காரணம் சொன்னாள், மண்டையோட்டை மாட்டுப்பட்டியில் தொங்கவிட்டது பாவம் என்று. அதுவும் பிழையில்லை. இந்த முறை வீட்டுக்குள்ளேயே, சாமிப் படத்துக்கு முதுகு காட்டி வைத்துக்கொள்ள விட்டாள்.

இரண்டாவது முறை தேறினேன். அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நினைவில் நிற்பது அது அல்ல.

மறுபரீட்சைக்குத் திரும்பிப் போகிற காலை. பெரட்டு கலைந்து பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் எலும்புச் சாக்கோடு பஸ் பாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அத்தை வரிசையை விட்டு விலகி என் முன்னால் வந்து நின்று, மோதிர விரலை நீட்டினாள்.

"இந்தா. குத்து."

"கருவியெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு அத்த. இப்பப் பாக்க ஏலாது."

"ஒன்னய யாரு பாக்கச் சொன்னா? பரீட்சைக்கு எடுத்துக்கிட்டுப் போ."

"வேலைக்கு நேரமாவுது. கண்டாக்கையா பாக்குறாரு."

"பாக்கட்டும். அவருக்கும் வேணும்னா ஒரு சொட்டுக் குடுக்குறேன். குத்து மருமவனே."

பென்சில் டப்பாவில் ஒரு ஊசி மிச்சமிருந்தது. குத்தினேன். உடனே வந்தது, கறுஞ்சிவப்பாக, கொழுத்த ஒரு சொட்டு, விரல் நுனியில் கலங்காமல் நின்றது. எதில் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. மேலே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, என் தோளில் தொங்கிய சாக்கின்மேல் விரலை அழுத்தித் துடைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"போ" என்றாள். விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே மேடு ஏறினாள், ஓட்டமாக, வரிசையைப் பிடிக்க.

பஸ் வரத் தாமதமாயிற்று. சாக்கில் பட்ட இடம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. அது எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று அளக்க என்னிடம் எதுவும் இல்லை.